வெட்டி எடுத்த வாக்குத்தத்தம்

நீங்கள் என் தங்கையிடம் பொய் சொன்னீர்கள். தெரியாமல் சொன்னதல்ல, தெரிந்தே சொன்னது. எங்கள் சபையின் போதகரான உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. எழுதினால் உங்களுக்கு மட்டுமல்ல, எங்களுக்கும் ஆபத்து. இந்தப் பட்டாள ஆட்சியில் யாங்கோனில் இருப்பவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பெயர் இல்லாவிட்டாலும் இது உங்களைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். சபையில் பாதிப் பேருக்கும் தெரியும்.

மற்றவர்களுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் யாங்கோனின் அலோன் பகுதியில் ஆற்றோரக் கிடங்குகளிலிருந்து சரக்கு ஏற்றிப் போகும் வேன் ஓட்டுகிறேன். என் தங்கை இதே ஊரில் தாகேதா பகுதியில் இருக்கிறாள். அவள் புருஷன் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனான். இரண்டு பையன்கள். மூத்தவன் தின்கன்ஜூனில் ஒரு கைப்பேசி பழுது பார்க்கும் கடையில் வேலை பார்த்தான். இளையவன் இன்னும் பள்ளிக்கூடம் போகிறான். இருவருக்கும் தமிழ் பேசினால் புரியும், பதில் பர்மிய மொழியில்தான் வரும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அப்பா இல்லாத பிள்ளைகளுக்குத் தாய்மாமன் செய்ய வேண்டியதை என்னால் முடிந்தவரை செய்தேன்.

எங்கள் சபையில் வருஷக் கடைசி நாள் ஆராதனையில் வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பது வழக்கம். முன்பு அது நள்ளிரவில் நடக்கும். இரவில் வெளியே நடமாடத் தடை வந்த பிறகு சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டார்கள். முன்பெல்லாம் தமிழ்நாட்டிலிருந்து அச்சடித்த அட்டைகள் வரும். பூப்படம், புறாப்படம், கீழே ஒரு வசனம். அது நின்றுபோனதும் போதகர் வீட்டிலேயே தயாரிக்க ஆரம்பித்தார்கள். அவருடைய மனைவி கெட்டித் தாளில் அச்செடுத்துக் கத்தரிப்பார். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பர்மிய மொழி. அதை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு மேலே வெள்ளைத் துணி மூடி வைப்பார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் போய்க் கண்ணை மூடிக்கொண்டு துணிக்கு அடியில் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். போதகர் வாங்கி இரண்டு மொழியிலும் வாசிப்பார். சபை ஆமென் சொல்லும். அந்த வருஷம் முழுக்க அந்த வசனம் அந்த வீட்டுக்குக் கர்த்தர் நேரடியாகச் சொன்னது.

சும்மா ஒரு சடங்கு என்று நினைக்க வேண்டாம். அந்தச் சீட்டை வீட்டுக் கதவின் உள்பக்கம் ஒட்டுவார்கள். அதைப் பார்த்துத்தான் வேலையை விடுவார்கள், கடையை விற்பார்கள், வந்த மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்புவார்கள். ஒருவர் சீட்டைப் பார்த்துக் கண் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார், இப்போது அந்தக் கண்ணில் பார்வை இல்லை. எங்கள் தெருவில் இருக்கிற இந்துத் தமிழர்கள் கோயிலில் பூக்கட்டிப் போட்டுப் பார்ப்பதை அஞ்ஞானம் என்று இதே போதகர் பிரசங்கம் செய்வார். அவர் கையில் இருக்கும் தட்டு மட்டும் வேறு.

அந்தத் தட்டில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய எபிரேயத் தீர்க்கதரிசிகளின் வார்த்தைகள்தான் அதில் அதிகம். திரும்பக் கட்டுவேன், கூட்டிச் சேர்ப்பேன், சிறைப்பட்டுப் போனவர்களைக் கொண்டுவருவேன், இழந்த வருஷங்களைத் திரும்பத் தருவேன். எல்லாம் இந்த மாதிரி. ஆனால் அதே ஆட்கள் அதே வாயால் சொன்ன மற்றது எதுவும் தட்டில் இருக்காது. ஏழையின் நிலத்தைப் பிடுங்கினவனே, கூலி கொடுக்காமல் மாடிவீடு கட்டினவனே, உன் பட்டணம் மண்மேடாகும் என்று சொந்த ராஜாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்களே, அது இருக்காது. மேய்ப்பர்களே, ஆட்டைத் தின்று கொழுத்தீர்களே என்று சொந்தக் குருமார்களைப் பார்த்துச் சொன்னது நிச்சயமாக இருக்காது.

நியாயத்தீர்ப்பைப் பற்றி நம் போதகர் பேசவே மாட்டார் என்றும் சொல்ல முடியாது. வடக்கே நிலம் நடுங்கி ஊர் ஊராகச் சரிந்து கிடந்தபோது பேசினார். விக்கிரகம் நிறைந்த தேசத்துக்கு வந்த தண்டனை என்றார். முன் பெஞ்சில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அங்கேயே எழுந்து போய்விடலாம் போலிருந்தது. செத்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தீர்க்கதரிசிகள் முதலில் அடித்தது சொந்த ஜனத்தை, சொந்த ஆலயத்தை. இவர் தண்டனையைப் பக்கத்துத் தெருவுக்கும் மீட்பை நமக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

இனி பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

பட்டாளத்துக்குக் கட்டாயமாக ஆள் எடுக்கும் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு வார்டிலும் பையன்களின் பெயரைக் குலுக்கிப் போட்டு எடுக்க ஆரம்பித்தார்கள். மூத்தவன் அந்த வயதில் இருந்தான். நான் கிடங்கில் பழகின ஒரு லாரிக்காரரிடம் பேசி அவனை வெளியே அனுப்ப ஏற்பாடு செய்தேன். எந்த வழி, எந்த எல்லை என்று எழுத மாட்டேன். வருஷம் பிறந்த பிறகு லாரி புறப்படும். அதில் டிரைவர் பக்கத்தில் ஒரே ஒரு இடம். தங்கைக்கும் சம்மதம்தான். அவனுக்கு ஒரு பை தைத்து வைத்திருந்தாள். லாரியில் உட்கார்ந்து போகும்போது குளிரும் என்று தன் கம்பளிச் சால்வையை வெட்டி அவனுக்குக் கழுத்துத் துணி செய்தாள். அவன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று, இதைப் போட்டுக்கொண்டு போனால் எல்லையில் என்னைப் பிடிக்க மாட்டார்கள், பைத்தியம் என்று விட்டுவிடுவார்கள் என்று பர்மிய மொழியில் சொல்லிச் சிரித்தான்.

அந்த வருஷக் கடைசி ஆராதனையில் என் தங்கை போய்ச் சீட்டு எடுத்தாள். உங்களைக் குறித்து நான் நினைப்பது தீமை அல்ல, சமாதானம்தான், நீங்கள் காத்திருந்த முடிவைத் தருவேன் என்ற பொருளில் வரும் வசனம். அந்தத் தட்டில் எல்லோரும் ஆசைப்படும் சீட்டு அது. போதகர் வாசித்தபோது பெண்கள் சந்தோஷத்தில் சத்தம் போட்டார்கள். ஒருத்தி என் தங்கையைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

சில நாள் கழித்துப் போதகர் வீடு வீடாகச் சீட்டுக்கு ஜெபம் பண்ண வந்தார். அப்போது நானும் தங்கை வீட்டில் இருந்தேன். அவருக்கு டீ கொடுத்தாள், பலகாரம் வைத்தாள். அவர்தானே என்று நம்பி லாரி ஏற்பாட்டைச் சொல்லிவிட்டாள். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அக்கா, கதவுல என்ன ஒட்டியிருக்கீங்க? தீமை இல்லைன்னு அவர் சொன்னப்புறம் நீங்க ஓட வழி தேடுறீங்க. இது அவரைச் சோதிக்கிறது. பையன் உங்க கூடத்தான் இருப்பான். இந்த வருஷம் முடியுறதுக்குள்ள சாட்சி சொல்ல அவனையே மேடையில நிறுத்துவீங்க.”

நான் குறுக்கே பேசினேன். சயா, குலுக்கலில் பெயர் வந்தால் நீங்கள் வந்து நிற்பீர்களா என்று கேட்டேன். பர்மியர் மாதிரி நாங்களும் போதகரைச் சயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அண்ணன் கணக்கு மனுஷக் கணக்கு” என்றார். பையன் சமையல்கட்டு வாசலில் நின்று அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போனதும் தங்கை என்னிடம் லாரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாள் சண்டை போட்டேன். கெஞ்சினேன். பையனைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மாவைக் கேட்காமல் வந்துவிடு என்றேன். “அம்மா சாபம் போட்டா நான் எங்க போனாலும் விளங்க மாட்டேன் மாமா” என்றான். அதை மட்டும் தமிழில் சொன்னான்.

லாரியில் அந்த இடத்தைத் தங்கையின் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணியின் மகனுக்குக் கொடுத்தேன். அவர் தெருமுனையில் மொஹிங்கா விற்கிறவர். விடிகிறதுக்குள் எழுந்து மீன்குழம்பு காய்ச்சி நூடுல்ஸோடு விற்றுப் பிள்ளையை வளர்த்தவர். விஷயத்தைச் சொன்னதும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மகனை அனுப்பிவிட்டார்.

அடுத்த குலுக்கலில் என் தங்கை மகன் பெயர் வந்தது.

வார்டு ஆபீஸ் முன்னால் கொட்டகை போட்டு ஒலிபெருக்கியில் பெயரும் அப்பா பெயரும் வாசித்தார்கள். நான் தங்கை பக்கத்தில் நின்றேன். பெயரைக் கேட்டதும் அவள் மயங்கி விழுவாள் என்று தோளைப் பிடித்தேன். அவள் விழவில்லை, அழவுமில்லை.

“இது நம்ம சீட்டு இல்லண்ணே. நம்ம சீட்டு கதவுல இருக்கு” என்றாள்.

அந்தச் சொல்லை நான் சாகிற வரை மறக்க மாட்டேன். அவனை ஏற்றிக்கொண்டு போகும்போதும் அவள் அதே நிதானத்தோடுதான் இருந்தாள். சீக்கிரம் வந்துடுவேப்பா என்று ஏதோ கடைக்கு அனுப்புகிற மாதிரி சொன்னாள். ஆரம்பத்தில் பயிற்சி முகாமிலிருந்து இரண்டு மூன்று தரம் பேசினான். சோறு பற்றிப் பேசினான், கால் கொப்புளம் பற்றிப் பேசினான். அப்புறம் வடக்கே சண்டைக்கு அனுப்புகிறார்கள் என்றான். அதன் பிறகு ஒன்றும் இல்லை. செத்தான் என்றும் இல்லை, இருக்கிறான் என்றும் இல்லை. கேட்கப் போனால் ஒரு இடத்தில் இன்னொரு இடத்தைக் காட்டுகிறார்கள்.

ஒரு நாள் காலையில் மொஹிங்காக்காரம்மா ஒரு தூக்கில் எங்களுக்குச் சாப்பாடு கொண்டு வந்தார். மகன் கட்டட வேலையில் இருக்கிறானாம், தினமும் பேசுகிறானாம். அதைச் சொல்ல வரவில்லை, தங்கைதான் கேட்டு வாங்கினாள். சொல்லி முடித்த அந்த அம்மா, என் மகன் உன் மகன் இடத்தில் உட்கார்ந்து போனான், நான் உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பர்மிய மொழியில் சொன்னார். அந்த விக்கிரகத் தேசத்துப் பெண்ணுக்கு இருந்த வெட்கம் சபையில் ஒருவருக்கும் இல்லை. சபையில் என்ன நடந்தது தெரியுமா? வாக்குத்தத்தத்துக்குப் போராட்டம் உண்டு, வருஷம் இன்னும் முடியவில்லை என்று என் தங்கையை நடுவில் நிறுத்திக் கைவைத்து ஜெபித்தார்கள்.

வருஷம் முடிந்தது. சீட்டு இன்னும் கதவில் இருக்கிறது. காலம் தாமதிக்கலாம், வார்த்தை தவறாது என்று போதகர் சொல்லிவிட்டார்.

நான் அந்த வசனம் வரும் அதிகாரத்தை முழுக்கப் படித்தேன். எனக்குத் தமிழ் வாசிக்க வரும், அவ்வளவுதான், பெரிய படிப்பு இல்லை. இது யாரும் படித்தால் புரியும் விஷயம். பாபிலோன் ராஜா எருசலேமிலிருந்து ஜனங்களைச் சிறைப்பிடித்துப் போயிருக்கிறான். தீர்க்கதரிசி அவர்களுக்குக் கர்த்தரின் வார்த்தையைச் சொல்லி அனுப்புகிறான். அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், குறைந்துபோகாமல் பெருகுங்கள். சீக்கிரம் திரும்புவீர்கள் என்று உங்கள் நடுவே சொல்கிறவர்களை நம்பாதீர்கள், நான் அவர்களை அனுப்பவில்லை. எழுபது வருஷம் ஆன பிறகுதான் திரும்பக் கொண்டுவருவேன். இதற்கு அடுத்துத்தான் சீட்டில் இருக்கும் அந்த வசனம் வருகிறது. எழுபது வருஷம் என்றால் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. வாக்கு உண்மைதான். அது ஒரு ஜனத்துக்குச் சொன்னது, பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னது. தாகேதாவில் ஒரு வீட்டுக்கு டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் நிறைவேற்றித் தருகிறேன் என்று சொன்னதல்ல.

அன்னிய ஊரில் போய்ப் பிழைப்பது விசுவாசக் குறைவு என்று அதில் எங்கும் இல்லை. நேர் எதிராக இருக்கிறது. பிள்ளைகளை உயிரோடு வை, எங்கே இருந்தாலும் வை என்பதுதான் அதில் கட்டளை. துறைமுக வேலைக்கும் ரயில் வேலைக்கும் வந்து இந்த ஊரில் வீடு கட்டித் தோட்டம் போட்ட எங்களுக்கா இது புரியாது?

அதே காலத்தில் இன்னொரு தீர்க்கதரிசி இருந்தான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று ஆலயத்தில் கூட்டத்தின் முன்னால் சொன்னான். ஜனங்களுக்கு அது இனித்திருக்கும். உண்மையான தீர்க்கதரிசி முதலில் ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் சொன்னான். அந்த இடம் எனக்குப் பிடித்தது. அவனுக்கும் அது நடக்க வேண்டும் என்று ஆசை. பிறகு திரும்பி வந்து, நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பவைத்தாய் என்று சொன்னான். அந்த மற்றவன் அதே வருஷம் செத்துப்போனான் என்று எழுதியிருக்கிறது. போதகர் சாக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவர் நன்றாக இருக்கட்டும், வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும்.

ஒரு மத்தியானம் சபைக் கட்டடத்தில் அவருடைய அறைக்குப் போனேன். மின்சாரம் இல்லை, ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருந்தார். அந்த வசனத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியும் அண்ணே.”

“தெரிஞ்சுமா சொன்னீங்க?”

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறம், “எழுபது வருஷம்னு ஒரு சீட்டு வெட்டித் தட்டுல போட்டா யாரு அதை வீட்டுக்குக் கொண்டு போவா? நீங்க போவீங்களா? ஜனங்க வர்றதே ஒரு ஆறுதலுக்கு. எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு வர்றவங்க கையில நான் எதைக் கொடுக்கிறது?” என்றார்.

“ஆறுதல் வேற. போகாதேன்னு சொன்னது வேற.”

“நான் போகாதேன்னு சொல்லல. விசுவாசின்னுதான் சொன்னேன்.”

“உங்க பையன் எங்க சயா?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். அவருடைய மகன் இந்தியாவில் வேதாகமக் கல்லூரியில் படிக்கிறான். சட்டம் வந்த உடனே அனுப்பிவிட்டார். அதில் தப்பில்லை, நானாக இருந்தாலும் அனுப்புவேன். அந்த வருஷம் உங்கள் வீட்டுக்கு என்ன சீட்டு வந்தது, அதைப் பார்த்துத்தான் அனுப்பினீர்களா என்று கேட்டேன். சத்தம் போடாதீங்க அண்ணே, வெளியே ஆள் இருக்கு என்றார். கடைசியில், நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை, அக்காதான் அப்படி எடுத்துக்கொண்டார்கள் என்றார். சரி, அதை அவளிடமே சொல்லுங்கள் என்றேன். தலையை ஆட்டினார். இன்று வரை சொல்லவில்லை.

இதை நான் இப்போது எழுதக் காரணம் இளையவன். அவனுக்கு வயது வந்துகொண்டிருக்கிறது. வார்டில் அவன் பெயரை ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போனார்கள். அவனை அனுப்ப எனக்கு ஒரு வழி இருக்கிறது, அதிகக் காலம் இருக்காது. தங்கை மறுக்கிறாள். அண்ணன் வருகிற வரை தம்பி இங்கேதான் இருக்க வேண்டும் என்கிறாள். இவனை அனுப்பினால் சீட்டை நம்பவில்லை என்று ஆகிவிடும், நம்பவில்லை என்றால் மூத்தவன் திரும்ப மாட்டான் என்று அவள் மனதில் ஒரு கணக்கு விழுந்திருக்கிறது. இது மனுஷக் கணக்கு இல்லை சயா, நீங்கள் போட்டுக் கொடுத்த கணக்கு. நீ போதகரைத் திட்டாதே, அதுவும் போய்விட்டால் என்னிடம் என்ன இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறாள். நான் சொன்னால் அவள் காதில் ஏறாது. உங்கள் வாயிலிருந்து வந்தால் ஏறும். வேறு யார் வாயிலிருந்தும் ஏறாது.

அதனால் அறையில் என்னிடம் சொன்னதை எழுந்து நின்று சொல்லுங்கள். தனியாக வீட்டுக்கு வந்து ஜெபத்தோடு சேர்த்து மழுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், அவள் உட்கார்ந்திருக்கும்போது, சபை முழுக்கக் கேட்கும்போது சொல்லுங்கள். தமிழிலும் சொல்லுங்கள், பர்மிய மொழியிலும் சொல்லுங்கள், இளையவனுக்குப் புரிய வேண்டும். மூத்தவன் வீட்டிலேயே இருப்பான் என்று கர்த்தர் உங்களிடம் சொன்னாரா, நீங்களாகச் சொன்னீர்களா? இரண்டில் ஒன்று. அத்தனை பேர் முன்னால் பதில் சொல்லுங்கள்.